கொங்கிறீட் மூடுவதற்கு முன்: வன்னியில் திட்டங்களின் தரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துக் கிராமங்களுக்கு முன்பள்ளி, மதகு, வாய்க்கால், குளக்கட்டு, பொதுநோக்கு மண்டபம் என்று ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருக்கிறது. வேலை தொடங்கும்போது எல்லோரும் தரம் பற்றிப் பேசுவார்கள். முடிந்த பிறகு முறைப்பாடு பற்றிப் பேசுவார்கள். இடையில் என்ன செய்யலாம் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும், கமக்காரர் அமைப்பினரும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த திட்ட உத்தியோகத்தர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

தரம் என்றால் விலை கூடிய பொருள் போடுவதுதானே?

இல்லை. விலை கூடினது, குறைந்தது என்பது ரகம். ஒரு முன்பள்ளிக்குச் சீமெந்துத் தரை போதும் என்று முடிவெடுக்கலாம், ரைல்ஸ் பதிக்கலாம் என்றும் முடிவெடுக்கலாம். இரண்டு முடிவிலும் பிழை இல்லை. சீமெந்துத் தரை வெடிக்காமல், தண்ணீர் தேங்காமல், பிள்ளைகள் வழுக்கி விழாமல் இருந்தால் அது தரமான தரை. ரைல்ஸ் நாலு மாதத்தில் கழன்று வந்தால் அது தரமில்லாத தரை, காசு எவ்வளவு போட்டிருந்தாலும். ரகம் குறைவாக இருப்பதைச் சகிக்கலாம், தரம் குறைவாக இருப்பதைச் சகிக்கக்கூடாது.

இந்தத் துறையில் எழுதியவர்களில் இருவர் சொன்னது இங்கே உதவும். ஜோசப் ஜூரான், பயன்பாட்டுக்குப் பொருந்துவதே தரம் என்றார். பிலிப் குரொஸ்பி, கேட்ட நிபந்தனைகளோடு ஒத்துப்போவதே தரம் என்றார். இரண்டும் வேண்டும். நிபந்தனை எல்லாம் சரியாக இருந்தும் பயன்பாட்டுக்குப் பொருந்தாத ஒன்றை நாங்கள் கிட்டத்தில் கண்டோம். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. தொழிற்சாலை அளவுகோலில் அந்தச் சுவரும் கூரையும் தேறியிருக்கக்கூடும். ஆனால் இந்த வெயிலில் அதற்குள் இருக்க முடியுமா, பழுதானால் ஊர் மேசன் திருத்துவாரா, பிள்ளை கலியாணம் முடித்தால் பக்கத்தில் ஒரு அறை இழுக்க முடியுமா என்று பொறியியலாளர்களும் ஊர்ச் சனமும் கேட்டார்கள். அந்த 65,000 வீடுகளும் கடைசியில் வரவில்லை. அந்தக் கேள்விகள் எல்லாமே தரம் பற்றிய கேள்விகள்தான்.

தரத்தை யார் தீர்மானிப்பது? பொறியியலாளரா, நாங்களா?

பாவிக்கப்போகிறவர்கள் தேவையைச் சொல்லவேண்டும். பொறியியலாளர் அதை அளவாக மாற்றவேண்டும். "நல்ல மதகு வேண்டும்" என்று கூட்டத்தில் சொல்வதால் ஒன்றும் நடக்காது. "காலபோக அறுவடைக்கு வெட்டு மெசின் இதால் போகவேண்டும், மார்கழி வெள்ளம் வீதிக்கு மேலால் ஏறக்கூடாது" என்று சொன்னால் அதிலிருந்து அகலம், குழாயின் விட்டம், கொங்கிறீட்டின் பலம் எல்லாம் எண்ணாக வரும். எண்ணாக வந்ததைத்தான் பிறகு அளந்து பார்க்கலாம்.

இது வேலை தொடங்குமுன் நடக்கவேண்டும். திட்ட முகாமைப் பாடத்தில் இதற்குத் தரத் திட்டமிடல் என்று பெயர். எங்கள் ஊர்களில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. பி.ஓ.கியூ. என்கிற அளவுப் பட்டியல் ஆங்கிலத்தில் வரும், ஒரு பிரதி அலுவலகக் கோப்பில் இருக்கும், சங்கத் தலைவர் கையெழுத்து மட்டும் வைத்திருப்பார். முழுப் பட்டியலையும் தமிழில் கேட்டு மல்லுக்கட்டத் தேவையில்லை. முக்கியமான பத்து வரியைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லுங்கள்: கொங்கிறீட் கிரேட் (அதாவது பலத்தின் அளவு), கம்பியின் தடிப்பும் இடைவெளியும், அத்திவாரத்தின் ஆழம், சீமெந்துக் கலவை விகிதம், கூரைச் சாமான். அந்தத் தாளை வேலைத்தளத்தில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தர உறுதிப்பாடு, தரக் கட்டுப்பாடு என்று இரண்டு சொல்கிறார்களே?

செய்கிற முறை சரியா என்று பார்ப்பது உறுதிப்பாடு. செய்து முடித்த பொருள் சரியா என்று அளப்பது கட்டுப்பாடு. மேசனுக்கு வரைபடம் விளங்குகிறதா, கலவை அளக்கப் பெட்டி இருக்கிறதா, சீமெந்து மூடை நிலத்தில் படாமல் பலகைக்கு மேல் அடுக்கியிருக்கிறதா என்பவை முதலாவது. வார்த்த கொங்கிறீட் கட்டியை ஆய்வுகூடத்தில் உடைத்துப் பார்ப்பது இரண்டாவது. இரண்டாவதை மட்டும் நம்பியிருந்தால், பிழை தெரியவரும்போது தூண் எழும்பி நிற்கும்.

ஒவ்வொரு நாளும் போய் நிற்க முடியாது. எப்போது போய்ப் பார்ப்பது?

மூடப்படப்போகிற எதையும் மூடுமுன் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அத்திவாரக் கிடங்கை கொங்கிறீட் போடுமுன் பார்க்கவேண்டும். கம்பியைக் கட்டிய பிறகு, கலவை ஊற்றுமுன் பார்க்கவேண்டும். குழாயை மண் போடுமுன், குளக்கட்டின் ஒவ்வொரு மண் படையையும் அடுத்த படை வருமுன், சுவருக்குள் போகிற வயரைப் பூசுமுன் பார்க்கவேண்டும். நல்ல ஒப்பந்தத்தில் இந்த இடங்கள் 'நிறுத்தி அனுமதி எடுக்கும் இடம்' என்று குறிக்கப்பட்டிருக்கும். ரீ.ஓ. என்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையெழுத்து வைக்காமல் அதைத் தாண்டக்கூடாது.

இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டம் இந்த வழியை நன்றாகவே பயன்படுத்தியது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில், வடக்கு கிழக்கில், பயனாளிகளே கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. காசு மொத்தமாக வரவில்லை, வேலையின் கட்டத்தைப் பார்த்துத் தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஐந்தரை இலட்சம் போதாமல் கடன்பட்டவர்கள் பலர், அது வேறு கதை. ஆனால் ஒவ்வொரு தவணைக்கு முன்னும் ஒருவர் வந்து பார்த்தே ஆகவேண்டும் என்ற ஒழுங்கு வீட்டின் தரத்தைக் காத்தது. வீட்டுக்காரி காலமை தொடக்கம் பின்னேரம் வரை பக்கத்தில் நின்றதும் காத்தது. சொந்த வீட்டுக்குப் போடுகிற கலவையை யாரும் கண்ணை மூடிக்கொண்டு விடமாட்டார்கள்.

நாங்கள் படித்த பொறியியலாளர் இல்லை. எதைப் பார்த்துப் பிழை என்று சொல்வது?

உங்கள் கண்ணுக்கே தெரியக்கூடியவை நிறைய இருக்கின்றன.

மணலில் தொடங்குங்கள். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி, சில மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் இறங்கும், சேறு அதன் மேல் மெல்லிய படையாகப் படியும். மணல் பத்து சென்ரிமீற்றர் உயரம் நின்றால், சேறு ஏழெட்டு மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் ரீ.ஓ.வைக் கூப்பிடுங்கள். இது ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் அந்த லோட்டை இறக்குவதா திருப்பி அனுப்புவதா என்று பேசப் போதும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் கடல் மணல் கலக்கிறதா என்றும் பாருங்கள். உப்பு கம்பியைத் தின்னும்.

அடுத்தது தண்ணீர். சீமெந்து மூடை ஒன்று 50 கிலோ. தண்ணீர் சீமெந்தின் பாதி எடை என்று வைத்தால் மூடைக்கு 25 லீற்றர்தான் வரும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்கவேண்டும். ஆனால் தளத்தில் நடப்பது என்ன? கலவை இறுகலாக இருக்கிறது, கொத்த இலகுவில்லை என்று இன்னொரு வாளி, பிறகு இன்னொரு வாளி. அந்த வாளிதான் எங்கள் ஊர்க் கொங்கிறீட்டின் முதல் எதிரி. மேலதிகத் தண்ணீர் காய்ந்து போகும்போது உள்ளே துளையை விட்டுவிட்டுப் போகும், பலம் இறங்கும். 300 மில்லிமீற்றர் உயரமான கூம்புப் பாத்திரத்தில் கலவையை நிரப்பி, பாத்திரத்தைத் தூக்கியதும் கலவை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளப்பதற்கு ஸ்லம்ப் சோதனை என்று பெயர். அது இல்லாத தளத்தில் வாளியை எண்ணினாலே போதும்.

கம்பி பலகையில் முட்டிக்கொண்டு கிடக்கிறதா பாருங்கள். கொங்கிறீட் தட்டுக்கு (சிலாப்) அடியில் 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை கொங்கிறீட் கம்பியை மூடி நிற்கவேண்டும். அதற்கு, முன்கூட்டியே வார்த்த சிறிய சாந்துக் கட்டிகளை வைப்பார்கள். கண்டபடி ஒரு கல்லைச் செருகுவது சரியில்லை.

கடைசியாக, ஊற்றிய பிறகு தண்ணீர் விடுவது. ஆகக் குறைந்தது ஏழு நாள். வைகாசி, ஆனி மாதத்துச் சோளகக் காற்றில் கிளிநொச்சி வெளியில் நிற்கிற தட்டு ஒரு மத்தியானத்திலேயே காய்ந்துவிடும். ஈரச் சாக்குப் போட்டு, சாக்கு காயாமல் பார்க்கவேண்டும். வேலையாட்களுக்குச் சம்பளம் முடிந்த பிறகு வருகிற வேலை இது. ஆகவே யார் தண்ணீர் விடுவது என்று முன்பே பெயர் குறித்து எழுதாவிட்டால் ஒருவரும் விடமாட்டார்கள். சங்கம் இதைப் பொறுப்பெடுப்பது நல்லது.

ஆய்வுகூட அறிக்கை வந்திருக்கு. அதை எப்படி வாசிப்பது?

வழக்கமாக 150 மில்லிமீற்றர் கன சதுரக் கட்டிகளை ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைப்பார்கள். கட்டியின் முகப்பு 150 பெருக்கல் 150, அதாவது 22,500 சதுர மில்லிமீற்றர். கிரேட் 20 என்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் 20 நியூட்டன் தாங்கவேண்டும். ஆகவே கட்டி உடைகிற பாரம் 450 கிலோநியூட்டனுக்குக் கிட்டவாவது வரவேண்டும். ஏழாம் நாளில் அதன் மூன்றில் இரண்டு பங்களவு வந்தால் போகிற வழி சரி என்று எடுக்கலாம்.

எண்ணைவிட முக்கியமானது, அந்தக் கட்டி எங்கே பிறந்தது என்பது. வார்த்த திகதி, எந்தத் தூணுக்கு அல்லது தட்டுக்குப் போட்ட கலவை என்ற விபரம், உடைத்த திகதி மூன்றும் தாளில் இருக்கவேண்டும். மூன்று கட்டியும் தசமம் வரை ஒரே எண்ணில் உடைந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கும் வரட்டும். சோதனைக் கட்டிக்கென்று தனியாகச் சீமெந்து கூட்டிய கொழுத்த கலவை குழைக்கிற வேலையும் உண்டு. ஊற்றுகிற கலவையிலிருந்தே, உங்கள் முன்னால், எடுக்கச் சொல்லுங்கள்.

குளக்கட்டு வேலைக்கும் இப்படிச் சோதனை உண்டா?

உண்டு, அதுவும் கட்டாயம். மண்ணை 15 முதல் 20 சென்ரிமீற்றர் படையாகப் பரப்பி, அளவான ஈரத்தில், ரோலரால் இறுக்கவேண்டும். மண்ணின் இறுக்கத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவை 1933இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் புரொக்டர் விளக்கினார். 95 வீத இறுக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது, அவருடைய பெயரிலுள்ள சோதனையில் கிடைக்கும் ஆகக் கூடிய இறுக்கத்தோடு ஒப்பிட்டுத்தான். காய்ந்த மண்ணை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது, சேறாக இருந்தாலும் இறுகாது. லொறி லொறியாகக் கொட்டி மேலால் ஒருதரம் உருட்டினால் வெளியில் இருந்து பார்க்க அழகான கட்டுத்தான், அடுத்த மாரியில் கசியும். பழைய கட்டில் இருக்கும் மர வேரையும் கறையான் புற்றையும் தோண்டி எடுக்காமல் புது மண் போடுவதும் அதே கதைதான். இவற்றைக் கமக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. எந்த இடத்தில் கட்டு கசிகிறது என்று வயதுபோன கமக்காரர் ஒருவர் விரலால் காட்டுவார். அதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமல் வேலை தொடங்குகிறவர்களுக்குத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் வேலை கெடுவதற்குப் பெரிய காரணம் எது?

பலர் களவு என்பார்கள். களவும் உண்டு. ஆனால் நான் முதலில் காலண்டரைச் சொல்வேன்.

அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. வருஷத் தொடக்கத்தில் ஒதுக்கீடு, பிறகு மதிப்பீடு, அனுமதி, கேள்விப்பத்திரம் என்று நகர்ந்து ஒப்பந்தம் கைக்கு வரும்போது ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். வன்னிக்குப் பெரிய மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. அதாவது காசைச் செலவழித்து முடிக்கவேண்டிய மாதங்களும் மழை கொட்டுகிற மாதங்களும் ஒன்றே. குளத்தில் காலபோகத்துக்குத் தண்ணீர் சேர்க்கவேண்டும், வாய்க்கால் வறண்டு கிடக்காது, கிறவல் ஏற்றுகிற பாதை சேறு. அந்த நேரத்தில் மண் வேலை செய்தால் எந்தக் கொந்தராத்துக்காரரும் தரமாகச் செய்ய முடியாது. காசு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் முடியாத வேலைக்கு முடிந்ததென்று கையெழுத்துக் கேட்பார்கள். "தையில் வந்து முடிச்சுத் தாறம்" என்பார்கள். பில் போன பிறகு வருகிற தை கொஞ்சம் நீளமானது.

செய்யக்கூடியது என்ன? அட்டவணையையும் தரத்தின் பகுதியாக எடுப்பதுதான். மண் வேலையும் அத்திவாரமும் புரட்டாதிக்குள் முடியாது என்று தெரிந்தால், சங்கக் கூட்டத்தில் அதை எழுத்தில் பதிந்து பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள். மழைக்குள் செய்யக்கூடியதை, அதாவது கொங்கிறீட் கட்டிகள் வார்ப்பது, கதவு யன்னல் செய்வது, கூரை போட்ட கட்டடத்தின் உள்வேலை போன்றவற்றை, முன்னுக்கு இழுக்கலாம். செய்த அளவுக்கு மட்டும் பில் போடலாம். வேலை அரைகுறையாக நிற்பதைப் பார்க்கச் சங்கடம்தான். சேற்றுக்கு மேல் முடித்த கட்டைவிட அது மேல்.

தரம் பார்த்தால் செலவு கூடாதா?

கூடும், முதலில். பயிற்சி, சோதனை, மேற்பார்வை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பிழையைத் தடுக்கப் போகிற செலவு, தேடிப் பார்க்கப் போகிற செலவு, தளத்திலேயே கண்டு திருத்துகிற செலவு, ஒப்படைத்த பிறகு வெடிக்கிற செலவு என்று நாலாகப் பிரித்துப் பார்ப்பார்கள். மதகுக் குழாயின் மட்டம் பிழை என்பதை மண் போடுமுன் கண்டால் அரை நாள் வேலை. மண் போட்ட பிறகு கண்டால் வீதியை மறித்துத் தோண்டவேண்டும். மாரியில் கண்டால் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் அக்கரையில் நிற்கும். அந்தக் கமக்காரருக்குப் போன காசு எந்தப் பில்லிலும் வராது. அதனாலேயே இந்தச் செலவு கணக்கில் படுவதில்லை.

கொந்தராத்துக்காரர் எங்கள் ஊர்ப் பொடியன், சொந்தக்காரர் வேறு. எப்படிக் கேட்பது?

அடிக்கடி வருகிற கேள்வி, யாரும் எழுத்தில் கேட்காத கேள்வி. சங்கமே ஒப்பந்தம் எடுத்துச் செய்கிற வேலைகளில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் செய்கிறவரும் பார்க்கிறவரும் ஒரே கூட்டத்தில் இருக்கிறார்கள்.

ஆளைக் கேட்காமல் தாளைக் கேளுங்கள். "தம்பி, கம்பி குறைச்சுப் போட்டிட்டீரோ?" என்றால் சண்டை. "தம்பி, தாளில கம்பி இடைவெளி ஆறங்குலம் எண்டு கிடக்கு, ஒருக்கா அளந்து பாப்பமே?" என்றால் அளக்கலாம். அளக்கிற ரேப்பை அவர் கையிலேயே கொடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, பார்த்தது, சொன்னது, யார் நின்றது என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். நல்ல மேசன்மார் இதை விரும்புவார்கள், பிறகு பழி வந்தால் அவர்களுக்கும் அதுதான் காவல். மேற்பார்வைக்கு நிற்கிறவர்களில் ஒருவராவது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். கட்டடத்தைப் பாவிக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், கேட்கவும் தயங்கமாட்டார்கள்.

பிழை வந்துவிட்டது. இனி?

முதலில் திருத்துங்கள், பிறகு காரணம் தேடுங்கள். ஜப்பானியரான கவோரு இஷிகாவா, காரணங்களை மீன் முள்ளுப் போல வரைந்து பார்க்கச் சொன்னார்: ஆள், பொருள், கருவி, முறை, அளவு, சூழல் என்று ஒவ்வொரு முள். சுவர் வெடித்ததற்கு மேசனைத் திட்டிவிட்டு வருவது இலேசு. வரைந்து பார்த்தால் சீமெந்துக் கல்லை வார்த்த அடுத்த நாளே கட்டியதும், கல் செய்தவருக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்ததும் தெரியவரும். மேசனை மாற்றினாலும் அடுத்த சுவரும் வெடிக்கும்.

ஆடு, கோழி, தையல் பயிற்சி போன்ற வாழ்வாதாரத் திட்டங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், அங்கே இன்னும் கூடத் தேவை. எத்தனை ஆடு கொடுத்தோம் என்பது எண்ணிக்கை. ஆறு மாதத்துக்குப் பிறகு எத்தனை உயிரோடு நிற்கின்றன, எத்தனை குட்டி போட்டிருக்கின்றன என்பதில்தான் தரம் தெரியும். ஆட்டின் வயது, கால்நடை வைத்தியரின் பரிசோதனை, கொட்டில் கட்டி முடிந்த பிறகே ஆடு, கார்த்திகை மழைக்குள் கொடுப்பதில்லை என்று நிபந்தனைகளை முன்பே எழுதலாம். பயிற்சியென்றால் சான்றிதழ் வாங்கியவர்களை எண்ணாமல், தைத்து விற்கிறவர்களை எண்ணுங்கள்.

ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் உள்ள நிறுவனம் என்றால் பயப்படத் தேவையில்லையா?

ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு நிறுவனத்தின் முகாமை முறைக்குத் தருகிற சான்று. உங்கள் ஊர்த் தட்டுக்கு அது சான்றில்லை. சீமெந்துக்கும் கம்பிக்கும் எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது உங்களுக்குக் கூடுதல் பயன். ஒப்பந்தகாரருக்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு எந்தத் தரத்தில் இருக்கிறது என்றும் கேட்கலாம்.

வேலையை ஒப்படைத்தாச்சு. இனி எங்களுக்குப் பேச இடமிருக்கா?

இருக்கிறது. ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை, வழக்கமாக 5 வீதமளவில், ரிட்டென்சன் காசு என்று பிடித்துவைப்பார்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது குறை தெரிந்தால் ஒப்பந்தகாரர் திருத்தித் தரவேண்டிய காலம், பெரும்பாலும் 365 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று கேட்டு, முடிகிற திகதியைச் சங்கக் கொப்பியில் எழுதிவையுங்கள். 365 நாள் என்றால் ஒரு முழு மாரி அதற்குள் வரும். மார்கழி மழை நேரம் குடையோடு போய்க் கூரை, தட்டு, வடிகால், கட்டு எல்லாவற்றையும் பாருங்கள், ஒழுகுவதைப் படம் எடுங்கள். பிறகு தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். வேலையை ஒப்படைத்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, குறைகளை இலக்கமிட்டு, படங்களையும் இணைத்துக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். காலம் முடிந்து ரிட்டென்சன் காசு விடுபட்ட பிறகு அதே கடிதத்தைக் கொண்டுபோனால், அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் பார்ப்போம் என்ற பதில்தான் கிடைக்கும்.